யந்திரம் ஒன்று சேர்க்கும். மனம் ஒன்று சேர்வது எப்படி?

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கருத்தும் விஞ்ஞானமும் யந்திரமும் மனிதனுடைய சிந்தனையையும் சமுதாயத்தையும் எப்படி மாற்றுகின்றன என்பது பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். விஷயம் பெரியது. ஆனால் இதற்கு விடை தேடிச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. இந்த ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களே போதும்.

இந்த விஷயத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, ரோபோ வந்துவிட்டது, இனி ஜாதியும் மூடநம்பிக்கையும் தாமாகவே ஒழிந்துவிடும்" என்பது ஒன்று. "யந்திரம் வந்துதான் மனிதன் கெட்டான், பழைய காலமே நல்ல காலம்" என்பது மற்றொன்று. முதல் அபிப்பிராயத்தைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவதை, நிலம் போன பிறகு நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் சரிதானா? பார்ப்போம்.

கையும் மூளையும்

இங்கிருந்து வண்டலூர், தாம்பரம் வழியாகப் போனால் பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கல்லை எடுத்தார். பார்ப்பதற்குச் சாதாரணக் கல். ஆனால் இரண்டு பக்கமும் செதுக்கிக் கூர்மையாக்கப்பட்டிருந்தது. அது ஆதி மனிதனின் கைக்கோடரி. இந்திய மண்ணில் மனிதனின் வரலாறு எவ்வளவு பழமையானது என்பதை உலகம் அறிய வழிவகுத்த கல் அது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதாவது நம்மைப் போன்ற மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, நம் முன்னோடிகள் இந்த மண்ணில் உட்கார்ந்து கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கல்லைச் செதுக்குவதற்கு என்ன வேண்டும்? எந்தக் கல் உடையும், எந்தக் கோணத்தில் அடித்தால் சில்லு பெயரும் என்று தெரிய வேண்டும். அடிப்பதற்கு முன்பே, முடிந்த கோடரி மனக்கண்ணில் தெரிய வேண்டும். தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டும். கை வேலை செய்யச் செய்ய மூளை வளர்ந்தது. மூளை வளர வளரக் கை இன்னும் நுட்பமாக வேலை செய்தது. மனிதன் மனிதனானதில் உழைப்பின் பங்கு என்ன என்று எங்கெல்ஸ் 1876-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது.

ஆகவே சிந்தனை வேறு, உழைப்பு வேறு என்று பிரித்து, சிந்திப்பவன் உயர்ந்தவன், உழைப்பவன் தாழ்ந்தவன் என்று சொல்வது பிற்காலத்தில் வந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்?

ஏரி யாருடையது?

வாலாஜாபாத்தைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்குள்ள கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்ததை அவை சொல்கின்றன. ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்ற தனிக் குழுவே இருந்தது.

இதில் நாம் பெருமைப்படவேண்டிய விஷயம் உண்டு. ஏரி என்பது ஒரு பெரிய தொழில் நுட்பம். கரை, மதகு, கலங்கல், வாய்க்கால் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. அதை ஒருவன் தனியாகக் காக்க முடியாது. தண்ணீரைப் பங்கிடவேண்டும், கரையைக் காக்கவேண்டும், தூர் எடுக்கவேண்டும். ஆகவே குழுவும் கணக்கும் விதியும் தேவைப்பட்டன. கருவி மாறும்போது மனிதன் கூடி வாழும் முறையும் மாறுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் அந்தக் குழுவில் யார் உட்காரலாம்? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். அப்படியானால் ஏரிக்கு மண் சுமந்தவன்? சேற்றில் இறங்கி நாற்று நட்டவள்? அவர்கள் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் போகவே வழியில்லை. ஏரியின் தண்ணீர் எல்லோருடைய உழைப்பாலும் தேங்கியது. ஏரி பற்றிய முடிவோ நிலம் உள்ளவன் கையில் இருந்தது.

கருத்து மட்டும் போதுமா?

"நல்ல கருத்தைச் சொன்னால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள்" என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்வோம். ராமானுஜர் பிறந்த ஊர் அது. 1017-ல் பிறந்தார் என்பது மரபு. குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை அவர் திருக்கோஷ்டியூரில் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் என்ற வரலாறு வைணவர் வீடுகளில் வழிவழியாக வருவது. எவ்வளவு பெரிய மனம்! ஆனால் அதற்குப் பிறகும் 900 ஆண்டுக் காலம், வயலில் உழைத்த மக்களுக்குக் கோயில் கதவு திறக்கவில்லை. மதுரையில் 1939 ஜூலை 8-ல் ஆலயப் பிரவேசம் நடந்து, சட்டமும் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? நிலம் இருந்தவன் கையிலேயே இருந்தது. சேரி சேரியாகவே இருந்தது. கூலியும் பண்ணையார் அளந்து போட்ட கூலியாகவே இருந்தது. ஜீவனம் மாறாத இடத்தில் நல்ல கருத்து பஜனையாக நின்றுவிடும்.

யந்திரம் மட்டும் போதுமா?

இனி மறுபக்கம் பார்ப்போம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1853-ல், மார்க்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி எழுதினார். ரயில் வந்தால் அதன் பின்னே நவீன ஆலைத்தொழில் வரும், பிறப்பை வைத்து வேலையைப் பிரிக்கும் ஜாதி முறையை அது கரைக்கும் என்றார். இதை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் அவர் அதே கட்டுரையில் சொன்ன இன்னொரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அதிகாரம் கைமாறாத வரையில் இந்த முன்னேற்றத்தின் பலன் இந்திய மக்களுக்குக் கிடைக்காது என்பதுதான் அது.

நடந்தது என்ன? ரயில் பெட்டியில் பலரும் ஒன்றாக உட்கார்ந்து பிரயாணம் செய்தார்கள். ஆனால் வண்டி நின்றதும், ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதியில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம்! நீராவி யந்திரம் ஜாதியையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்துக் கிளர்ச்சி செய்த பிறகு, 1941-ல்தான் அந்தப் பாகுபாடு ஒழிந்தது. இடையில் கழிந்தவை 85 ஆண்டுகள்.

பெரம்பூர் சொல்லும் பாடம்

இப்போது ஆலைக்கு வருவோம். பெரம்பூரில் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் இருந்தன. பின்னி கம்பெனி நடத்தியவை. கிராமத்திலிருந்து வந்த பல ஜாதி ஜனங்கள் ஒரே கூரையின் கீழ், ஒரே சங்கொலிக்கு வேலை செய்தார்கள். சூரியனைப் பார்த்து வேலைக்குப் போனவன் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். கடிகாரத்தைப் பார்க்கக் கற்றவன் ஒரு கேள்வியும் கேட்கக் கற்றுக்கொண்டான். "என் நேரத்தில் உனக்கு எவ்வளவு? எனக்கு எவ்வளவு?" நடுப்பகலில் சோறு தின்ன விடும் நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க., பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு முதலியோர் அதைக் கட்டினார்கள்.

விதி என்று நினைத்துக் கிடந்தவன், "இது விதியல்ல, நிர்வாகம் போட்ட உத்தரவு, உத்தரவை மாற்ற முடியும்" என்று உணர்ந்தான் அல்லவா? ஆலையும் சங்கமும் சேர்ந்து கொடுத்த புதிய சிந்தனை இது.

ஆனால் 1921-ல் நடந்ததையும் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. ஜாதி இந்துத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் மறுபக்கம் என்று பிளவு ஏற்பட்டது. ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. சங்கம் தோற்றது. பகலெல்லாம் ஒரே தறி வரிசையில் நின்றவர்கள், மாலையில் ஊராகவும் சேரியாகவும் பிரிந்துபோனார்கள். அந்தப் பிளவை உண்டாக்க நிர்வாகத்துக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. பழையது கையில் தயாராக இருந்தது. சங்கம் அந்தப் பழையதை ஒழிக்க நேரம் செலவிடவில்லை. அதன் விலையைக் கொடுத்தது.

வாடியா மீது பின்னி கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டதும் அந்தக் காலத்தில்தான். சங்கம் நடத்துவதே குற்றமாகிவிடுமோ என்ற நிலைமை. அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்குக் காரணங்களில் ஒன்றாயிற்று.

அந்தச் சென்னையில்தான் சிங்காரவேலர் 1923 மே 1-ல் மே தினத்தைக் கொண்டாடினார். அவர் கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. 1930-களில் 'குடி அரசு' ஏட்டிலும், பிறகு தாம் நடத்திய 'புது உலகம்' ஏட்டிலும் பிரபஞ்சம் தோன்றியது எப்படி, உயிர்கள் வளர்ந்தது எப்படி, பேய் பிசாசு என்பது என்ன என்று எளிய தமிழில் எழுதினார். சங்கம் கட்டுகிறவருக்கு இந்த வேலை எதற்கு? காரணம் தேடும் புத்தி வராத தொழிலாளியை யாரும் எதைச் சொல்லியும் பிரித்துவிடலாம் என்று அவர் கண்டிருந்தார்.

வயலுக்கு வந்த விஞ்ஞானம்

இதெல்லாம் ஆலைக்குத்தான் பொருந்தும் என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நினைக்கவேண்டாம். 1960-களில் தஞ்சைக்குப் புதிய நெல் விதையும் உரமும் வந்தன. ஆடுதுறை 27 என்ற ரகம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். குறுகிய காலப் பயிர், விளைச்சலும் அதிகம். விளைச்சல் பெருகினால் அறுப்புக் கூலியும் பெருகவேண்டும் அல்லவா? இது சாதாரணக் கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பு நடத்தினார்கள். மோதல் முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

விதை விஞ்ஞானம் தந்தது. நெருப்பு வைத்தது விஞ்ஞானமல்ல. ஏரி வாரியத்துக் காலத்தில் கேட்ட அதே கேள்வி இங்கும் வருகிறது. முடிவு யார் கையில் இருந்தது?

ஒரகடத்தில் நாம்

இனி நம் காலத்துக்கு வருவோம். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதியில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் உற்பத்தியாகின்றன. நிலம் போனபோது பட்டா உள்ளவருக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவர்களுக்குப் பட்டா ஏது? ஆலைக்குள் போகும் தோழரும் வெளியில் நூறு நாள் வேலைக்குப் போன தாயும் ஒரே குடும்பம் என்பதை மறக்கக்கூடாது.

ஆலைக்குள் பிரஸ் யந்திரத்தின் முன்னால் ஒளித்திரை என்று ஒன்று இருக்கிறது. வயலில் வேலை செய்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் ஒரு கம்பத்திலிருந்து எதிர்க் கம்பத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். கை குறுக்கே போனால் கதிர் தடைப்படும். உடனே யந்திரம் நிற்கும். அது யாருடைய கை என்று யந்திரம் கேட்பதில்லை. ஊர்க்காரன் கையா, சேரிக்காரன் கையா, பீகார்க்காரன் கையா, நிரந்தரத் தொழிலாளி கையா, கான்ட்ராக்ட் ஆள் கையா என்ற பேதம் அதற்கு இல்லை. விஞ்ஞானத்தின் குணம் அது.

ஆனால் அந்த ஒளித்திரையை அணைத்து வைக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது என்று யாராவது அதை அணைத்தால்? அப்போது கையைக் காப்பது யார்? "இதை அணைக்கக்கூடாது" என்று துணிந்து சொல்லும் தொழிலாளி காப்பான். அவனுக்குப் பின்னால் நிற்கும் சங்கமும் சட்டமும் காக்கும். தனியாக நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி அப்படிச் சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது. விஞ்ஞானம் கொடுத்த பாதுகாப்பு, ஒற்றுமை இல்லாத இடத்தில் வெறும் கம்பமாக நிற்கும்.

ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. சோறு போடும் கருவியை மதிப்பது உழைப்பாளியின் பண்பு. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மறுநாள் கன்வேயர் நின்றுவிட்டால், அதன் முன்னால் யாராவது எலுமிச்சம்பழம் நறுக்குகிறோமா? பிட்டரைக் கூப்பிடுகிறோம். ஒயரைப் பார்க்கிறோம். காரணம் தேடுகிறோம். வேலை போனால் மட்டும் ஏன் ஜோசியரிடம் போகிறோம்? யந்திரம் நின்ற காரணம் நம் கைக்கு எட்டுகிறது. வேலை போன காரணம் எங்கேயோ தூரத்தில், நமக்குத் தெரியாத கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எட்டாத காரணத்துக்கு விதி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் கிராமங்களிலிருந்து வந்து வேலை செய்தார்கள். சொந்தச் சம்பளம், சொந்த முடிவு என்று அவர்கள் வாழ்க்கையில் ஒரு புதிய காற்று வீசியது. பிறகு தொடுதிரை போன்கள் வந்து பழைய மாடல்களின் சந்தை சரிந்தது. அந்தக் கம்பெனியின் செல்போன் வியாபாரம் 2014-ல் மைக்ரோசாப்டுக்கு விற்கப்பட்டது. வரி வழக்குக் காரணமாக இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. அந்தப் பெண்களின் தலையெழுத்திலா இது எழுதியிருந்தது? சந்தையில், ஒப்பந்தத்தில், கோர்ட் கட்டில் எழுதியிருந்தது. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் விஞ்ஞானம்தான்.

2024 செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் 15 வரை, 37 நாட்கள். முக்கியக் கோரிக்கை என்ன? எங்கள் சங்கத்தைப் பதிவு செய், அதை ஏற்றுக்கொண்டு பேசு என்பதுதான். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்ற ஆட்சேபணைகூட எழுந்தது. 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவாயிற்று. நவீன யந்திரங்களைக் கொண்டு பிரிட்ஜும் டெலிவிஷனும் செய்கிற ஆலை அது. அங்கே 1918-ல் பெரம்பூர்த் தொழிலாளி கேட்ட உரிமையைக் கேட்க 37 நாள் வெளியில் நிற்கவேண்டியிருந்தது. யந்திரம் நூறாண்டு முன்னேறினால் உரிமையும் கூடவே நூறாண்டு முன்னேறிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிரிக்கும் கருவிகள்

1921-ல் பிரிப்பதற்கு ஜாதி இருந்தது. இன்றும் இருக்கிறது. அதோடு நிரந்தரம், கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ், வடநாட்டான், உள்ளூரான் என்று புதிய வகைகளும் சேர்ந்திருக்கின்றன. ஒரே லைனில் ஒரே வேலை. சட்டையின் நிறம் வேறு, சம்பளம் வேறு.

நாம் கையில் வைத்திருக்கும் செல்போனும் இதில் ஒரு கருவியாகிவிடலாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு காரணத்துக்கு நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. பயந்துபோன எத்தனையோ பேர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் சர்க்கார் ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. செய்தி பொய் என்பது வெளிப்பட்டது. பக்கத்து அறையில் இருந்த இந்திக்காரத் தொழிலாளியிடம் நாம் பேசிப் பழகியிருந்தால், அந்தப் பொய்க்கு ஒரு நாள்கூட ஆயுள் இருந்திருக்குமா?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். யந்திரத்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்பவர் ராயபுரம் ரயிலையும் புளியந்தோப்பையும் பார்க்கவில்லை. பழைய காலமே நல்லது என்பவர், குடத்துக்குள் நம் பாட்டன் பெயரோலை விழாததைப் பார்க்கவில்லை. புதிய கருவி மனிதர்களைப் புதிய விதமாகக் கூட்டி வைக்கிறது. புதிய கேள்விகளை எழுப்புகிறது. அந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதும், கூடியவர்கள் ஒரு மனமாவதும் கருவியின் வேலையல்ல. நம் வேலை.

எங்கே தொடங்குவது? கான்டீனில் தொடங்கலாம். நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே மேஜையில் உட்காரட்டும். பீகார்த் தோழரிடம் பத்து வார்த்தை இந்தி கற்றுக்கொண்டு, அவருக்குப் பத்து வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் நிற்கும் யந்திரம் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது, அதன் பாதுகாப்பு எது என்று முழுக்கத் தெரிந்துகொண்டு புதிதாக வந்தவருக்கும் சொல்லுங்கள். போனில் வரும் செய்தியை அனுப்புமுன் "இது எங்கே, எப்போது நடந்தது? யார் சொன்னது?" என்று கேளுங்கள். ஊர்த் தெருவில் இருப்பவர் சேரிக்குப் போய்ச் சாப்பிடட்டும். சேரியில் இருப்பவர் ஊர்த் தெருவுக்கு வந்து சாப்பிடட்டும். படிப்பு வட்டத்தை ஆலைக்காரர்கள் மட்டும் நடத்தாமல், வயல் வேலைத் தாய்மார்களையும் அழைத்து, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் நடத்துங்கள்.

பல்லாவரத்துக் கல்லைச் செதுக்கியவன், கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் அந்த வித்தை நிலைத்தது. நாமும் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்போம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் இன்னொருவரை அழைத்து வாருங்கள். நம் வகையைச் சேராத ஒருவராகப் பார்த்து அழைத்து வாருங்கள்.